இம்யூனோதெரபி எடுக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் மறைக்கலாமா?

கேள்வி இது: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, அதாவது நோயெதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து, போடுகிறார்கள். நான்கு டோஸ் முடிந்துவிட்டது. பத்து நாளாக ஒரு நாளைக்கு ஆறு முறை தண்ணீராகப் போகிறது. வீட்டருகே இருக்கும் மருத்துவர் ஆன்டிபயாடிக்கும், போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையும் கொடுத்தார். இரண்டு நாள் நின்றது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார் என்று பயந்து, அப்பா யாருக்கும் சொல்லக்கூடாது என்கிறார். அடுத்த டோஸ் அடுத்த வாரம். என்ன செய்வது?

இன்றைக்கே புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், தொடர்ந்த வயிற்று வலி, வயிறு கல்லாகவோ உப்பியோ இருப்பது, எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போனோடு நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் குடல்நோய் மருத்துவர். இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு வயிறு கெட்டால் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து என்னைப் போன்றவர்களிடம்தான் அனுப்புவார்கள். உங்கள் அப்பாவின் பயத்தைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் மறைத்தால் ஊசி தொடரும் என்று அவர் நினைப்பது தவறு. மறைத்து வைத்தவர்கள்தான் ஊசியை நிரந்தரமாக இழக்கும் நிலைக்கு அதிகம் போகிறார்கள். அது ஏன் என்று விளக்குகிறேன். அவரிடமே இதைப் படித்துக் காட்டுங்கள்.

நம் நோயெதிர்ப்பு மண்டலத்தில் டி செல்கள் என்று ஒரு வகை அணுக்கள் இருக்கின்றன. கண்டதையெல்லாம் தாக்கிவிடாமல் இருக்க அவற்றின்மேல் பிரேக் மாதிரியான புரதங்கள் உண்டு. சிடிஎல்ஏ-4 ஒன்று, பிடி-1 இன்னொன்று. புற்றுநோய் இந்தப் பிரேக்கைத் தனக்குச் சாதகமாக அழுத்தி வைத்துக்கொண்டு தப்பிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1 பிரேக்கை விடுவிக்கின்றன; இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 பிரேக்கை. இந்த வழியைத் திறந்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் முடிந்துபோன நோயோடு இன்று சிலர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு இந்த மருந்துகள்தான் காரணம். அதனால் ஊசியை விடக்கூடாது என்று உங்கள் அப்பா துடிப்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, இதில் குடலுக்கு என்ன வேலை? நோயெதிர்ப்பு அணுக்கள் ஏராளமாக இருக்கும் இடம் குடல். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் தினமும் வரும் உணவையும் அது பொறுத்துக்கொண்டு வாழ வேண்டும். அந்தப் பொறுமையைக் கொடுப்பதே இந்தப் பிரேக்குகள். சிடிஎல்ஏ-4 மரபணுவே இல்லாத எலிகள் பிறந்து சில வாரங்களிலேயே, சொந்த டி செல்கள் உறுப்புகளுக்குள் புகுந்து அழிப்பதால் செத்துப்போகின்றன. அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதாகப் பிறந்த மனிதர்களில் பலருக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருக்கிறது. ஆக, மருந்து கொடுத்துப் பிரேக்கைத் தளர்த்தும்போது குடல் வீங்கிப் புண்ணாவது எதிர்பாராத விபத்து இல்லை. மருந்து எப்படி வேலை செய்கிறதோ அதே வழியில் வரும் பக்கவிளைவு இது. மருத்துவர்கள் இதைக் கோலைட்டிஸ் என்பார்கள், பெருங்குடல் அழற்சி.

கீமோவில் வரும் வயிற்றுப்போக்கோடு இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. கீமோ குடலின் மேல்தோலில் வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் தோல் மறுபடி வளர்ந்துவிடும். அதுவரை லோபெரமைடு போட்டுச் சமாளிப்பது பெரும்பாலும் சரி. இங்கே நடப்பது தாக்குதல். டி செல்கள் குடல் சுவருக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருக்கின்றன. லோபெரமைடு குடலின் அசைவை மெதுவாக்குமே தவிர, அந்த அடியை நிறுத்தாது. எண்ணிக்கை மட்டும் குறைந்து, உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகலாம். அழற்சி கடுமையாக இருக்கும்போது லோபெரமைடு கொடுத்தால் குடல் செயலிழந்து பலூன் மாதிரி உப்பும் ஆபத்தும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு இரண்டு நாள் நின்று மறுபடி வந்தது என்கிறீர்களே, எனக்கு அதிகம் கவலை தருவது அந்த இரண்டு நாள்தான்.

ஆன்டிபயாடிக் விஷயமும் அப்படித்தான். கிருமித் தொற்று என்று பரிசோதனையில் தெரிந்தால் கொடுக்கத்தான் வேண்டும். தெரியாமல் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழியும். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடலாம். வீட்டருகே இருக்கும் மருத்துவரைக் குறை சொல்லவில்லை. நோயாளி இம்யூனோதெரபியில் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா என்பதே எனக்குத் தெரியவில்லை. பலர் எல்லா மருந்தையும் சேர்த்து "கீமோ போகிறது" என்றுதான் சொல்கிறார்கள். இனி எந்த மருத்துவரைப் பார்த்தாலும், பல் மருத்துவராக இருந்தாலும்கூட, மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. இபிலிமுமாப் எடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கும், பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று மேல் கோலைட்டிஸும் வருகிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற பிடி-1 மருந்து தனியாகக் கொடுக்கும்போது கோலைட்டிஸ் நூற்றில் ஒரு சிலருக்குத்தான். இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் எண்ணிக்கையும் கடுமையும் கூடுகின்றன. பெரும்பாலும் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் வரும். ஆனால் ஒரு வருடம் கழித்தோ, ஊசியை முழுக்க நிறுத்திப் பல மாதம் ஆன பிறகோ வந்தவர்களும் உண்டு. உங்கள் அப்பா இருக்கும் பத்துப் பன்னிரண்டு வாரம் என்பது இதற்குப் பொருந்தும் காலம்தான்.

கடுமையை அளக்க மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நோய்க்கு முன் வழக்கமாக எத்தனை முறை போவார் என்பதை முதலில் கழிக்க வேண்டும். அதற்கு மேல் நான்குக்குக் குறைவாக இருந்தால் முதல் நிலை. நான்கிலிருந்து ஆறு கூடினால் இரண்டாம் நிலை. ஏழோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் நிலை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது. உயிருக்கு ஆபத்தானால் நான்காவது. உங்கள் அப்பா வழக்கமாக ஒரு முறை போகிறவர் என்றால் ஆறு என்பது ஐந்து கூடுதல், அதாவது இரண்டாம் நிலை. அதுவும் லோபெரமைடு போட்ட பிறகு வரும் எண்ணிக்கை என்றால் உண்மையான நிலை இன்னும் மோசமாக இருக்கலாம். இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறாரா என்று கேளுங்கள். எரிச்சல், பதற்றம், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு போன்றவற்றால் வரும் போக்கு பொதுவாகத் தூக்கத்தைக் கெடுக்காது. அழற்சி கெடுக்கும். இன்னொன்று, எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். மூன்று முறைதான் போகிறார், ஆனால் ரத்தமும் வலியும் இருக்கிறது என்றால் அதை யாரும் முதல் நிலை என்று விட்டுவிட மாட்டார்கள்.

போன் செய்ததும் என்ன நடக்கும்? மலப் பரிசோதனை கேட்பார்கள். கிருமி, ஒட்டுண்ணி, நான் மேலே சொன்ன டிஃபிசில் எல்லாம் அதில் பார்ப்பார்கள். கால்புரோடெக்டின் என்று ஒரு புரதத்தையும் மலத்தில் அளப்பார்கள். வெள்ளை அணுக்கள் குடலுக்குள் கசிந்தால் இது ஏறும், எனவே அழற்சி இருக்கிறதா என்பதற்கு நல்ல தடயம். ரத்தத்தில் உப்புகள், சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பதோடு தைராய்டும் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது: இதே மருந்து தைராய்டைத் தூண்டிவிட்டாலும் மலம் இளகிப் போகும், அதற்கு வைத்தியமே வேறு. கணையம் பாதிக்கப்பட்டு எண்ணெய்ப் பிசுக்காகப் போவதும் அபூர்வமாக உண்டு.

அப்புறம் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலுக்குள் பார்ப்பது. இதற்குத்தான் பலர் தயங்குகிறார்கள். கோலைட்டிஸ் வந்த பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கப் பெருங்குடலில் மாற்றம் இருக்கும். அதனால் முழுக் கொலோனோஸ்கோப்பி செய்யாமல், கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிறிய பரிசோதனையே பல சமயம் போதும். முந்தின நாள் முழுக்கப் பேதி மருந்து குடிக்கத் தேவையில்லை, எனிமா போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: குடல் கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்குச் சிறு சதைத் துணுக்கு, எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சி ஒரு வகை இருக்கிறது. அதற்குக் குடலிலேயே வேலை செய்யும் புடெசோனைடு மாத்திரை பெரும்பாலும் போதுமானது, உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டைத் தவிர்க்கலாம். சைட்டோமெகாலோ வைரஸ் இருக்கிறதா என்பதும் பயாப்ஸியில்தான் தெரியும். ஆழமான புண்கள் இருந்தால் வெறும் ஸ்டீராய்டுக்கு அடங்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அடுத்த மருந்துக்குச் சீக்கிரம் போகலாம். இதற்காகவே நான் ஸ்கோப்பை முதல் சில நாட்களிலேயே செய்துவிடச் சொல்வேன். அதே சமயம், நிலை கடுமையாக இருந்தால் ஸ்கோப்புக்கு நாள் கிடைக்கவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சை ஸ்டீராய்டில் தொடங்கும். இரண்டாம் நிலையில் வழக்கமாகக் கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் கணக்கில் பிரெட்னிசலோன் மாத்திரை; மூன்றாம் நிலையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நரம்பு வழியாக. இந்த அளவுகளை எழுதுவது, மருத்துவர் எழுதித் தரும்போது இவ்வளவா என்று பயப்படாமல் இருக்கத்தான். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கிருமித் தொற்றாக இருந்தால் அது பெரிய ஆபத்து. குடல் ஓட்டையானால்கூட வலி தெரியாமல் ஸ்டீராய்டு மறைத்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் நல்ல மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் ஸ்டீராய்டையே இன்னும் கூட்டி இன்னும் ஒரு வாரம் பார்ப்பது சரியில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் அல்லது வெடோலிசுமாப் என்ற ஊசிகள் இருக்கின்றன. முதலாவது அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வேகமாக வேலை செய்யும். இரண்டாவது நோயெதிர்ப்பு அணுக்கள் குடலுக்குள் நுழைவதைத் தடுக்கும். கொஞ்சம் மெதுவானது, ஆனால் அதன் வேலை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். கல்லீரலிலும் அழற்சி இருப்பவர்களுக்கு இன்ஃப்ளிக்சிமாப் கொடுக்கத் தயங்குவோம், வெடோலிசுமாப் பக்கம் போவோம். இந்த ஊசிகளுக்கு முன்னால் காசநோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் இல்லை என்று பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைகளை ஸ்டீராய்டு தொடங்கும் அன்றே அனுப்பிவிடச் சொல்லுங்கள். ரிசல்ட்டுக்காக ஐந்து நாள் வீணானதை நான் பார்த்திருக்கிறேன்.

போக்கு நின்றதும் வேலை முடியவில்லை. ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்தினால் அழற்சி திரும்பும், முதல் தடவையைவிட அடக்கக் கடினமாகவும் இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்று காலண்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள். சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், சிலர் எரிந்து விழுவார்கள். அது மருந்தின் வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அதிக அளவு பல வாரம் போவதாக இருந்தால் நுரையீரல் தொற்றைத் தடுக்க ஒரு மாத்திரையும், எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்ப்பார்கள். அளவைக் குறைக்கும்போது மறுபடி இளகினால் அதையும் அன்றே சொல்ல வேண்டும்.

இப்போது அப்பாவின் பயத்துக்கு வருகிறேன்.

ஆம், அடுத்த வார டோஸைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் இந்த மருந்து ஊசி போடாத அன்று காணாமல் போய்விடுவதில்லை. பெம்ப்ரோலிசுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று வாரம் போல ஆகும். டி செல்களின் மேல் இந்த வகை மருந்துகளின் பிடி கடைசி டோஸுக்குப் பின்னும் மாதக்கணக்கில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதனால்தான் ஊசியை நிறுத்தினாலும் அழற்சி தானாக நிற்பதில்லை, சிகிச்சை தேவைப்படுகிறது. அதே காரணத்தால் ஒரு டோஸ் தள்ளிப்போனால் புற்றுநோய்க்கு எதிரான வேலை அன்றோடு நின்றுவிடுவதும் இல்லை.

ஸ்டீராய்டு கொடுத்தால் இம்யூனோதெரபியின் பலன் போய்விடுமா என்று அடுத்ததாகக் கேட்பார். நியாயமான கேள்வி. இபிலிமுமாப் எடுத்த மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளில், பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்களையும் தேவைப்படாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. பக்கவிளைவு வந்தவர்களுக்குப் புற்றுநோய் நன்றாகக் கட்டுப்படுவதாகவும் பல ஆய்வுகளில் தெரிகிறது. இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவிளைவு வராதவர்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. அடக்காமல் விட்ட கோலைட்டிஸ் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால், ஸ்டீராய்டைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை என்பதுதான் என் கருத்து.

ஊசி திரும்பக் கிடைக்குமா? பிடி-1 மருந்து தனியாக எடுப்பவர்களுக்கு, போக்கு முதல் நிலைக்கோ அதற்குக் கீழோ இறங்கி, பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ ஆனதும் திரும்பத் தொடங்குவது பற்றி யோசிப்பார்கள். இரண்டாம் நிலையிலேயே பிடிபட்டால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. திரும்பத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கோலைட்டிஸ் மறுபடி வருகிறது, எனவே கவனமாகப் பார்ப்பார்கள். சிலருக்கு வெடோலிசுமாப் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே இம்யூனோதெரபியைத் திரும்பக் கொடுக்கிறோம். உயிருக்கு ஆபத்தான நான்காம் நிலைக்குப் போனவர்களுக்கு அந்த மருந்தை மறுபடி கொடுக்க மாட்டார்கள். சிடிஎல்ஏ-4 மருந்தில் மூன்றாம் நிலையிலேயே அந்த வாசல் மூடிவிடும்.

மூன்று வாரம் மறைத்துவிட்டு வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. ஊசி போடப் போனபோதும் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டோஸ் ஏற்றிக்கொண்டார். என்னிடம் வந்தபோது எட்டு கிலோ இளைத்திருந்தார், ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கோப்பில் ஆழமான புண்கள். ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை, இன்ஃப்ளிக்சிமாப் இரண்டு முறை போட்டுத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இம்யூனோதெரபி கொடுக்கவே இல்லை. எதைக் காப்பாற்ற மறைத்தாரோ அதையே இழந்தார். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் ஒருவேளை மாத்திரையோடு முடிந்திருக்கும். உங்கள் அப்பாவிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். பால், காபி, அதிக எண்ணெய், காரம், நார்ச்சத்து மிகுந்த உணவு ஆகியவற்றைச் சில நாள் குறையுங்கள்; ஆனால் சாப்பாடே வேண்டாம் என்று பட்டினி போடாதீர்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வேண்டாம், அவை குடலை இன்னும் புண்ணாக்கும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின் இதெல்லாம் எடுக்கிறார் என்றால், உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவற்றைத் தொடரலாமா என்று போனிலேயே கேளுங்கள். நானாக நிறுத்திவிட்டேன் என்று இருக்கக்கூடாது. நல்ல பாக்டீரியா மாத்திரை என்று விற்பவற்றால் இந்த அழற்சி அடங்கும் என்பதற்கு ஆதாரம் போதாது. நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

போனில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, எத்தனை நாளாகப் போகிறது, வழக்கத்தைவிட எத்தனை முறை கூடுதல், இரவில் எழுகிறாரா, ரத்தமோ சளியோ இருக்கிறதா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது. முன்பு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், குரோன் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் இருந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களில் பத்தில் நாலு பேருக்கு இம்யூனோதெரபியில் குடல் கோளாறு வருகிறது. கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயரும், லோபெரமைடு கடைசியாக எப்போது போட்டார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அது தெரியாவிட்டால் இன்றைய எண்ணிக்கையைக் கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் நிலைமை பரவாயில்லை என்று நினைத்துவிடுவார்.